ஒடியனின் இரவு: பாலக்காட்டுச் சமவெளியின் ஒரு தொன்மமும் அதன் திரைவடிவமும்

2018 டிசம்பர் 14 அன்று ‘ஒடியன்’ என்னும் மலையாளத் திரைப்படம் வெளியானது. வி. ஏ. ஸ்ரீகுமார் மேனன் இயக்கத்தில், ஹரிகிருஷ்ணனின் எழுத்தில், மோகன்லால் முதன்மை வேடமேற்ற படம் அது. அன்று கேரளம் முழுவதும் கடையடைப்பு. ஆயினும் அதிகாலைக் காட்சிகளுக்கே அரங்குகள் நிரம்பின. பாலக்காட்டுக் கிராமங்களில் அந்தி மயங்கிய பிறகு அடம்பிடிக்கும் குழந்தைகளை அடக்குவதற்காகப் பாட்டிமார் தாழ்ந்த குரலில் உச்சரித்த ஒரு பெயர், இப்போது பெருந்திரையில் ஒரு நட்சத்திரத்தின் பெயராயிற்று.

படம் பெற்ற வசூலையும் அது சந்தித்த கேலிகளையும் பற்றி அக்காலத்தில் நிறையவே எழுதப்பட்டது. ஆனால் ஒடியன் என்பவன் யார், அவன்மீது அச்சம் ஏன் பிறந்தது, அந்த அச்சத்தால் யாருக்கு என்ன பயன், யாருக்கு என்ன இழப்பு என்ற கேள்விகள் அந்த ஆரவாரத்தில் பின்னே தள்ளப்பட்டன. ஒரு தொன்மம் திரைப்படமாகும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இவையே.

தொன்மத்தைப் புரிந்துகொள்ள நிலத்தை முதலில் அறிய வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிடும் இடம் பாலக்காட்டுக் கணவாய். மலைநாடான கேரளத்தில் பனைகள் நிற்கும் வரப்புகளும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல்வயல்களும் கொண்ட சமவெளி இது. கிழக்கே பொள்ளாச்சியும் கோயம்புத்தூரும் கூப்பிடு தூரத்தில் உள்ளன. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களில் தமிழே வீட்டுமொழியாக வழங்கும் ஊர்கள் பல. அரசியல் வரலாற்றில் இந்நிலம் துண்டுபட்டுக் கிடந்தது. பாலக்காடும் வள்ளுவநாடும் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தன. சித்தூர் கொச்சி அரசுக்கு உட்பட்டது. 1956இல் கேரள மாநிலம் அமைந்து, 1957இல் பாலக்காடு மாவட்டம் உருவானபோதுதான் இவை ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தன.

இந்த வயல்வெளிகளின் இரவுக்கு உரியவனே ஒடியன். ‘ஒடி’ என்னும் வினை தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது. குச்சியை ஒடிப்பது போல மனித உடலை ஒடிப்பவன் என்பது அப்பெயருக்குச் சொல்லப்படும் பொருள். கதைகளின்படி, அவன் ஒரு மருந்து எண்ணெயைக் காதின் பின்புறம் தடவிக்கொள்வான். தடவியதும் காளையாகவோ எருமையாகவோ நாயாகவோ பூனையாகவோ உருமாறுவான். ஆனால் அந்த மாற்றத்தில் எப்போதும் ஒரு குறை இருக்கும். காளைக்கு ஒரு கால் இராது, அல்லது நாய்க்கு வால் இராது. அக்குறையைக் கண்டுகொண்டவன் தப்பித்தான். காணாதவன் வீட்டுக்கு வந்து, காய்ச்சல் கண்டு, சில நாளில் இறப்பான். இருட்டிய பின் வழிநடப்போர் கூட்டமாகச் சென்றதற்கும், பனையோலைச் சூட்டைக் கையில் வீசிக்கொண்டே நடந்ததற்கும் இக்கதைகள் ஒரு காரணம்.

வீடு திரும்பும் ஒடியனைப் பற்றிய கதை இன்னும் துயரமானது. மனித உருவுக்கு மீள, வாசலில் காத்திருக்கும் மனைவி அவன்மேல் உடனே தண்ணீரை ஊற்ற வேண்டும். அவள் உறங்கிவிட்டாலோ, அஞ்சித் தாமதித்தாலோ, வந்திருப்பவன் தன் கணவன் என்பதை மறந்த அந்த விலங்கு அவளையே கொன்றுவிடும். ஊரை அச்சுறுத்தியவனின் குடிசையிலும் அதே அச்சம் குடியிருந்தது என்பதை இக்கதை மறைமுகமாகச் சொல்கிறது.

ஒடியன் எந்தக் குடியில் பிறந்தவன் என்பதில் கதைகளுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அவன் பெரும்பாலும் பறையர் குடியினன். சில கதைகளில் பாணர் குடியினன். நிலவுடைமையாளரான நம்பூதிரியோ நாயரோ ஒடியனாவதில்லை. தொன்மத்தின் திறவுகோல் இங்கேதான் உள்ளது.

பிரான்சிஸ் புக்கானன் 1800ஆம் ஆண்டின் இறுதியில் பாலக்காடு வழியாக மலபாருக்குள் நுழைந்தார். அவருடைய பயண நூல் 1807இல் வெளிவந்தது. இப்பகுதியின் உழவு அடிமைகள் கைமாறிய மூன்று வழிகளை அவர் அதில் விவரித்துள்ளார். ஜன்மம் என்னும் முழு விற்பனை ஒன்று. காணம் என்னும் அடமானம் மற்றொன்று. பாட்டம் என்னும் வாடகை மூன்றாவது. நிலத்தைக் கைமாற்றிய அதே சொற்களே மனிதரைக் கைமாற்றவும் பயன்பட்டன. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்குச் சட்ட ஏற்பு இல்லை என்று அறிவித்தது. எனினும் வழக்கத்தில் அது எளிதில் மறையவில்லை. மலபார் ஆட்சியராக இருந்த வில்லியம் லோகன் 1887இல் வெளியிட்ட மலபார் கையேட்டில் இந்நிலைமையை விரிவாகவே பதிவு செய்துள்ளார்.

அடிமை முறையோடு தீண்டாமையும் சேர்ந்திருந்தது. தீண்டாமை மட்டுமன்று, குறிப்பிட்ட தொலைவுக்குள் நெருங்கவும் கூடாது என்ற தீட்டும் இருந்தது. பகலில் பறையர் பொதுவழியில் நடக்க இயலாது. உயர்சாதியார் எதிரே வந்தால் குரல் கொடுத்துவிட்டு வயலில் இறங்கி ஒதுங்க வேண்டும். இத்தகைய ஓர் ஊரின் இரவை எண்ணிப் பார்க்கலாம். பகலில் எவன் தன்னைக் கண்டதும் வழியைவிட்டு விலகினானோ, அவனுக்காக இரவில் தான் வழியைவிட்டு விலக வேண்டும் என்று நிலவுடைமையாளர் அஞ்சினார். பகலின் ஒழுங்கு இருளில் அப்படியே தலைகீழாயிற்று. பகலில் செய்த கொடுமைக்கு இரவில் பழிவாங்கல் வரும் என்ற குற்றவுணர்வின் நிழல் அந்த அச்சத்தில் படிந்திருப்பதாகக் கொள்ள இடமுண்டு.

ஆனால் கதை இத்துடன் முடிவதில்லை. ஒடியனைக் கூலிக்கு அமர்த்தியவர்கள் யார் என்றும் அதே கதைகள் சொல்கின்றன. நிலத்தகராறில் எதிரியை ஒழிக்க விரும்பிய தறவாட்டுக் காரணவரும் ஜென்மியும்தான் அவர்கள். ஏவியவர் திண்ணையில் இருந்தார். பழி குடிசைக்குப் போயிற்று. பாம்புக்கடி, மாரடைப்பு, விஷக்காய்ச்சல் எனக் காரணம் அறியாமல் நேர்ந்த மரணங்களும் ஒடியன் கணக்கில் எழுதப்பட்டிருக்கக்கூடும். ஒடியன் எனச் சந்தேகிக்கப்பட்டவன் ஊரார் கையில் அகப்பட்டால் அடித்தே கொல்லப்படுவான் என்பதும் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. அச்சம் ஒடியனுக்குச் சிறிதளவு வலிமை தந்தது. அவனைக் கொல்வதற்கு மற்றவர்களுக்கு அனுமதியும் தந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கதைகள் அச்சேறின. இந்திய இனவரைவியல் கணக்கெடுப்பு 1901இல் தொடங்கியது. அதன் பயனாகச் சென்னை மாகாணத்துக்கு எட்கர் தர்ஸ்டன் தொகுத்த ஏழு தொகுதிகளும், கொச்சி அரசுக்கு எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர் எழுதிய நூலின் முதல் தொகுதியும் 1909இல் வெளிவந்தன. அனந்தகிருஷ்ண ஐயர் பாலக்காட்டின் இலட்சுமிநாராயணபுரத்தில் 1861இல் பிறந்தவர். அக்ரகாரத்துத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த அவர் பின்னாளில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் கற்பித்தார்.

இரண்டு நூல்களிலும் பறையர் பற்றிய பகுதியில் ஒடிவித்தை இடம்பெறுகிறது. கருவுற்ற பெண்ணின் வயிற்றுச் சிசுவிலிருந்து எடுக்கப்படுவதாகக் கூறப்பட்ட ‘பிள்ளைத் தைலம்’ பற்றிய கொடூரமான வர்ணனையும் உண்டு. ஒரு சாதியின் உணவு, மணமுறை, ஈமச்சடங்கு ஆகியவற்றை அடுக்கும் அதே நடையில், அதே பக்கங்களில், இந்தப் பழியும் அச்சாகியிருக்கிறது. அதனால் ஊர்வாயில் இருந்த ஐயம் அச்சு நூலில் ஒரு குடியின் இயல்பாக மாறியது. பிற்காலத்தில் ஒடியனைப் பற்றி எழுதியோர் பலர் இவ்வர்ணனைகளையே திரும்ப எடுத்தாண்டனர். அரசின் கணக்கெடுப்புக்காக எழுதப்பட்ட ஆவணத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும்போது ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும். அச்சம் இருந்தது என்பதற்கு அது சான்று. அச்சப்பட்ட செயல் நடந்தது என்பதற்கு அது சான்றாகாது.

இதே மண்ணில் இதற்கு நேர் எதிரான இன்னொரு தொன்மமும் தழைத்தது வியப்புக்குரியது. ‘பறையி பெற்ற பன்னிரு குலம்’ என்பது அதன் பெயர். வரருசி என்னும் அந்தணருக்கும் பறையர் குலத்துப் பெண்ணுக்கும் பிறந்த பன்னிரண்டு குழந்தைகள் பன்னிரண்டு வெவ்வேறு குடிகளில் வளர்ந்தனர் என்பது கதை. அந்தணரான அக்னிஹோத்திரி, பறையரான பாக்கனார், தச்சரான பெருந்தச்சன், பாணனார், இசுலாமியரான உப்புகொற்றன், நாராணத்துப் பித்தன் ஆகியோர் அவர்களுள் சிலர். வள்ளோன் என்பவரைத் திருவள்ளுவராகவே கொள்ளும் வழக்கும் உண்டு. திருத்தாலை, இராயிரநல்லூர் மலை என இக்கதையின் இடங்கள் பல இன்றைய பாலக்காடு மாவட்டத்தில் உள்ளன. கொட்டாரத்தில் சங்குண்ணி தம் ‘ஐதீகமாலை’யில் இதனைத் தொகுத்தார்.

எல்லாச் சாதியாருக்கும் தாய் ஒரு பறையர் குலப் பெண் என்று கதை சொன்ன அதே ஊர், அவளுடைய மக்களை இரவின் விலங்கு என்று அஞ்சியது. முதற்கதை ஆண்டுக்கொரு முறை மலையேறும் விழாவிலும் நூல்களிலும் நிலைபெற்றது. இரண்டாம் கதை ஒவ்வோர் இரவும் வரப்பில் வாழ்ந்தது.

ஒடியனை ஒழித்தது மந்திரமன்று. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் கொலையை யார் செய்தாலும் கொலை என்றது. 1970 முதல் நடைமுறைப்பட்ட நிலச்சீர்திருத்தம் ஜென்மி முறையைச் சட்டப்படி ஒழித்ததோடு, குடிகிடப்புக்காரருக்குக் குடிசை நின்ற மண்ணில் உரிமை அளித்தது. ஏவுவதற்குத் தம்புரானும் இல்லை, ஏவப்படுவதற்கு அடிமையும் இல்லை என்ற நிலை மெல்ல உருவாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக வெளிச்சம் வந்தது. கேரளத்தின் முதல் புனல்மின் நிலையம் 1940இல் இடுக்கி மலைகளில், மூணாறுக்கு அருகே பள்ளிவாசலில் இயங்கத் தொடங்கியது. 1976இல் இடுக்கிப் பெருந்திட்டம் வந்தது. மலையின் நீர் சமவெளியின் இருளை விரட்டியது எனலாம். 2010இல் பாலக்காடு இந்தியாவின் முதல் முழு மின்மய மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. ஒடியனுக்கு மிகுதியாக அஞ்சிய சமவெளி, ஒரு வீடும் விடாமல் விளக்கேற்றுவதில் நாட்டுக்கு முன்னோடியாயிற்று.

திரைப்படம் தேர்ந்துகொண்டதும் இந்தக் கடைசிக் கட்டத்தையே. பாலக்காட்டின் தேங்குறிச்சி கதைக்களம். மாணிக்கன் கடைசி ஒடியன். மஞ்சு வாரியர் ஏற்ற பிரபா என்னும் பெரிய வீட்டுப் பெண்மீது அவனுக்கு மாறாத அன்பு. அவளை அடைய விரும்பும் இராவுண்ணியாகப் பிரகாஷ் ராஜ். பிரபாவின் வீட்டில் நேர்ந்த மரணங்களின் பழி மாணிக்கன்மீது விழுகிறது. அவன் ஊரைவிட்டு நீங்கி, பதினைந்து ஆண்டுகள் காசியில் கழித்துத் திரும்புகிறான். கொலைகளுக்குப் பின்னால் இருந்தவன் இராவுண்ணி என்பது முடிவில் வெளிப்படுகிறது.

கதையின் எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துப் பார்த்தால், அதில் வரலாற்று உண்மை ஒன்று இருப்பது தெரியும். செல்வாக்குள்ளவன் செய்த குற்றத்துக்கு ஒடியன் என்ற பெயர் மறைப்பாகிறது. ஊர் ஆராயாமல் நம்புகிறது. பழிசுமந்தவன் ஊரைவிட்டு ஓடுகிறான். பாட்டிமார் கதையில் குற்றவாளியாக இருந்தவனைப் படம் குற்றமற்றவனாக்கியது. இது சிறிய மாற்றமன்று.

எனினும் இந்த உண்மையைப் படம் இறுகப் பற்றிக்கொள்ளவில்லை. ஒடியனை ஒடியனாக்கிய சாதி பின்னணிக்கு நகர்கிறது. காதலும் பழிவாங்கலும் பீட்டர் ஹெயின் அமைத்த சண்டைக் காட்சிகளும் முன்னணிக்கு வருகின்றன. பழி அவன்மீது எளிதில் விழுந்ததற்குக் காரணம் அவன் பிறந்த குடி. அது அழுத்தமாகச் சொல்லப்படாதபோது, இராவுண்ணியின் குற்றம் தனிமனிதனின் பொறாமையாகச் சுருங்கிவிடுகிறது. ஒடியனின் வாழ்வும் ஒரு தனிவீரனின் சாகசமாகிவிடுகிறது. பகலில் வழிநடக்க இயலாத மனிதனின் இரவு என்ற பொருள் பார்வையாளருக்குக் கிட்டுவதில்லை.

விலங்காக மாறும் மனிதன் பாலக்காட்டுக்கு மட்டும் உரியவனல்லன். பூமிப்பந்தின் மறுபுறத்தில், தென்னமெரிக்கச் சமவெளியில், இவனுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அர்ஜென்டினாவின் பம்பாஸ் புல்வெளிகளிலும் வடகிழக்கு ஆற்றங்கரைகளிலும் வழங்கும் ‘லோபிசோன்’ கதையின்படி, ஒரு வீட்டில் தொடர்ந்து பிறக்கும் ஏழாவது ஆண்மகன் ஓநாயாக மாறுவான். லியோனார்தோ ஃபாவியோ என்னும் இயக்குநர் இதனை 1975இல் ‘நசரேனோ குரூஸும் ஓநாயும்’ என்ற பெயரில் படமாக்கினார். ஒரு வானொலி நாடகத்தைத் தழுவிய அப்படத்தை முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அரங்குகளில் பார்த்தனர். அர்ஜென்டினத் திரை வரலாற்றில் மிகுதியாகப் பார்க்கப்பட்ட படங்களுள் ஒன்று அது.

ஏழாவது மகனான நசரேனோ காதல்வயப்படுகிறான். காதலைத் துறந்தால் சாபம் நீங்கும், செல்வமும் சேரும் என்று சாத்தான் பேரம் பேசுகிறது. அவன் காதலைத் தேர்ந்து ஓநாயாகிறான். ஊரார் துப்பாக்கியோடு அவனைத் துரத்துகின்றனர். படத்தில் வரும் சாத்தானின் பெயர் மந்திங்கா. இது இயக்குநர் படைத்த பெயரன்று. தென்னமெரிக்கச் சமவெளி மக்கள் சாத்தானுக்கு வழங்கிவந்த பெயர்களுள் ஒன்று. மந்திங்கா என்பது மேற்கு ஆப்பிரிக்காவின் ஒரு மக்கட்கூட்டத்தின் பெயர். அம்மக்கள் கப்பலில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். எசமானர்களின் ஊர் அந்த அடிமைகளின் குலப்பெயரையே சாத்தானுக்குச் சூட்டியது. அர்ஜென்டினாவில் அடிமை முறை 1853ஆம் ஆண்டின் அரசமைப்பால் ஒழிக்கப்பட்டது. சாத்தானின் பெயர் மாறவில்லை.

இங்கே இரு சமவெளிகளின் கதைகளும் ஒன்றையொன்று விளக்குகின்றன. மனிதரை விலைக்கு வாங்கிய சமூகம், தான் வாங்கிய மனிதருக்கே அஞ்சியது. அந்த அச்சத்துக்கு அம்மனிதரின் பெயரையே இட்டது. பாலக்காட்டில் அது ஒடியன், அர்ஜென்டினாவில் மந்திங்கா. ஃபாவியோ அந்தச் சாத்தானை அருவருப்பான உருவாகக் காட்டவில்லை. களைத்துப்போன, தனித்துவிடப்பட்ட, இறைவனின் மன்னிப்புக்காக ஏங்கும் ஒருவனாகக் காட்டினார். பழிசுமந்த பெயருக்கு ஒரு மனித முகத்தை அப்படம் மீட்டுக் கொடுத்தது.

நாட்டார் கதையைத் திரைக்குக் கொணர்வதில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் நீண்ட அனுபவம் உண்டு. 1956இல் வந்த ‘மதுரைவீரன்’ எண்ணற்ற ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் குலதெய்வத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது. ஆனால் வீரன் அரச குலத்தில் பிறந்து செருப்புத் தைக்கும் இணையரிடம் வளர்ந்தவன் என்ற வழக்கையே அது பின்பற்றியது. வீரம் அரச இரத்தத்துக்கு உரியது என்ற எண்ணத்துக்கு அது இடம் தந்தது. மாறாக, பாலக்காடு மாவட்டத்துக் கூடல்லூரில் பிறந்த எம். டி. வாசுதேவன் நாயர் 1989இல் ‘ஒரு வடக்கன் வீரகதா’வுக்கு எழுதிய திரைக்கதை வேறொரு வழியைக் காட்டியது. வடக்கன் பாட்டுகளில் துரோகி என்று தலைமுறைகள் பாடிய சந்துவை அவர் பேச வைத்தார். பாட்டு யாருடைய முற்றத்தில் பாடப்பட்டது என்ற ஐயம் பார்வையாளரின் மனத்தில் எழுந்தது.

ஒடியனுக்கு அப்படியொரு பேச்சு இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை. 2018இன் திரைப்படம் அவனைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஆனால் யார், எதற்காக அவன்மீது அக்குற்றத்தைச் சுமத்தினர் என்ற வழக்கை அது முழுதாக நடத்தவில்லை. அடுத்து இக்கதையை எடுப்பவர் யாராயினும், வரப்பின் நடுவே ஒருவன் காளையாக உருமாறும் காட்சியைக் கணினி வரைகலையால் இன்னும் நேர்த்தியாகக் காட்டிவிட முடியும். கடினமானது வேறொரு காட்சி. ஒரு குடிசை வாசலில் கையில் தண்ணீர்க் குடத்தோடு விடியும்வரை விழித்திருக்கும் அந்தப் பெண், இருளில் வருவது கணவனா, விலங்கா, அல்லது அவனை அடித்துக் கொன்ற செய்தியோடு வரும் ஊராரா என்று அறியாமல் நிற்கும் காட்சி அது. அவள் பக்கத்திலிருந்து சொல்லப்படும்போது ஒடியன் கதை பாலக்காட்டின் வரலாறாகும்.